மாணவர் இடைவிலகலும் நிதியுதவி அலுவலகமும்

உயர்கல்வியின் வாயில் ஒருவனுக்குத் திறக்கப்படுதல் ஒன்று. அவ்வாயிலினுள் நுழைந்தவன் தான் மேற்கொண்ட கல்வியை முற்ற முடித்து வெளிவருதல் மற்றொன்று. முன்னதைப் பற்றியே மக்களும் அரசாங்கங்களும் பெரிதும் பேசுகின்றனர். எத்தனை மாணவர் பல்கலைக்கழகம் புகுந்தனர் என்னுங் கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்படுகின்றது. அவருள் எத்தனைபேர் இடைவழியில் நின்றுவிட்டனர், எதனால் நின்றனர் என்னும் வினா அத்துணை ஊக்கத்துடன் எழுப்பப்படுவதில்லை. இடையில் நின்ற மாணவனோ, கல்லூரியை எட்டியும் பாராதவனிலும் ஒருவகையில் துன்பமிக்க நிலையினன். காலத்தைச் செலவிட்டான்; பொருளைச் செலவிட்டான்; கடனும் பட்டிருக்கலாம்; பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை.

இத்துன்பம் தெளிவாகக் காணப்படும் நாடுகளுள் அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஒன்றாகும். அந்நாட்டிலே தனியார் கல்லூரிகள் மட்டுமன்றி, மாநில அரசுகளின் பல்கலைக்கழகங்களும் மாணவரிடமிருந்து கல்விக் கட்டணம் பெறுகின்றன. கட்டணத்தைச் செலுத்த இயலாதார்க்கு மத்திய அரசாங்கமும் மாநில அரசும் கல்லூரியும் மானியமாகவும் கடனாகவும் வேலையாகவும் உதவி அளிக்கின்றன. இவ்வுதவிகளையெல்லாம் ஒருங்கு சேர்த்து மாணவனுக்கு வழங்கும் பொறுப்பினை ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள நிதியுதவி அலுவலகம் ஏற்றுள்ளது. விண்ணப்பங்களைப் பெற்றுத் தகுதியைக் கணித்துப் பணத்தைக் கணக்கிற் சேர்ப்பதே இவ்வலுவலகத்தின் தொழில் என்பது பொதுவான எண்ணம். ஆயின் அண்மைக் காலத்து அனுபவம் வேறொன்றைக் காட்டுகின்றது. கல்லூரியில் உள்ள மாணவன் இடைவழியில் நிற்காவண்ணம் காப்பதில் ஆசிரியர்க்கு அடுத்தபடியாக ஆற்றலுடையது இவ்வலுவலகமே எனலாம். அவ்வாற்றல் எத்தகையது, எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது, அதன் எல்லை யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

நிதியுதவி என்னும் ஏற்பாடு ஒரே நாளில் தோன்றியதன்று. இரண்டாம் உலகப்போர் முடியுந் தறுவாயில், 1944ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமொன்று போர்வீரர்க்குக் கல்விச் செலவை அளித்தது. சோவியத் நாடு 1957இல் செயற்கைக்கோளை விண்ணிற் செலுத்தியதன் எதிரொலியாக, 1958இல் எழுந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் மாணவர்க்குக் குறைந்த வட்டியிற் கடன் வழங்க வழிசெய்தது. எனினும், வறுமை ஒன்றையே தகுதியாகக் கொண்டு மத்திய அரசாங்கம் மானியம் வழங்கத் தொடங்கியது 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தினாலேயாம். இச்சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் ஒப்பமிட்ட இடம் தலைநகரமன்று. டெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் என்னும் ஊரில், அவர் தாமே கற்ற கல்லூரியாகும். அதற்குத் தக்க காரணம் உண்டு. மாணவராயிருந்த காலத்திற் பணமின்மையால் அவர் படிப்பை ஓராண்டு நிறுத்தி, 1928-29இல் கொட்டூல்லா என்னும் சிற்றூரில் மெக்சிக்க வமிசத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராய்த் தொழில்புரிந்து பொருளீட்டினார். பின்னர் மீண்டும் கல்லூரி சென்று 1930இற் பட்டம் பெற்றார். இடையில் நின்றவர் எல்லோரும் அவ்வாறு மீள்வதில்லை என்பதை அவர் அறியாதிருந்திருக்க முடியாது.

1972இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது அடிப்படை மானியம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் பொருட்டு உழைத்த செனற்றர் கிளைபோர்ன் பெல் என்பாரின் பெயரால் 1980 முதல் அது பெல் மானியம் என வழங்கப்படலாயிற்று. 2024-25ஆம் கல்வியாண்டில் ஒரு மாணவன் பெறத்தக்க உயர்ந்த பெல் மானியம் 7,395 டொலராயிருந்தது. இத்தொகை திருப்பிச் செலுத்தவேண்டாத கொடையாதலின், ஏழை மாணவர் பலருக்கு இதுவே கல்வியின் அத்திவாரமாகும்.

இங்ஙனம் பல வகையான உதவிகள் இருக்கவும் மாணவர் பணத்தின் பொருட்டு இடைவிலகுவது யாது காரணம் பற்றி என ஒருவர் வினவலாம். இதற்கு விடை காண, உதவி வழங்கப்படும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும்.

மத்திய அரசாங்கத்தின் உதவியை நாடும் மாணவன் குடும்ப வருமானம் முதலியவற்றைக் குறித்து ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்புதல் வேண்டும். ஒருமுறை நிரப்பினாற் போதாது. ஆண்டுதோறும் நிரப்புதல் வேண்டும். இரண்டாமாண்டில் இதனை மறந்தவனுக்கு உதவி நின்றுவிடும். மேலும், படிவத்திற் கணக்கிடப்படுவது இன்றைய வருமானமன்று. இரண்டாண்டுகளுக்கு முந்திய வருமானமேயாம். 2025-26ஆம் கல்வியாண்டுக்கு 2023ஆம் ஆண்டின் வருமானமே அளவுகோலாயிற்று. 2023இல் நல்ல தொழிலிலிருந்த தந்தை பின்னர் அதனை இழந்திருப்பின், ஏட்டில் வசதியுள்ள குடும்பமாகத் தோன்றுவது வீட்டில் வறிய குடும்பமாயிருக்கும். இவையன்றி, உதவி பெறும் மாணவன் குறித்த அளவு தேர்ச்சியும் காட்டுதல் வேண்டும். எடுத்த பாடங்களிற் போதிய பங்கினைச் சித்தியடையாதவனும், பட்டத்திற்கு விதிக்கப்பட்ட காலத்தின் ஒன்றரை மடங்கினுள் படிப்பை முடிக்க இயலாதவனும் உதவிக்குரிமையை இழப்பர்.

ஆகவே, மாணவன் இடைவிலகுவதற்குப் பணத்தின் பற்றாக்குறை மட்டுமே காரணமன்று. பணம் குறித்த காலத்தில் வாராமை, படிவம் நிரப்பப்படாமை, விதி அறியாமை, குடும்ப நிலை மாறியதை எடுத்துச்சொல்ல ஆளின்மை என்னும் இவையும் காரணங்களாகும். இவற்றுட் பல, அலுவலகம் மனங்கொண்டாற் களையக்கூடியன. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக ஜோர்ஜியா மாநிலத்தின் தலைநகரான அற்லாந்தாவில் அமைந்த ஜோர்ஜியா அரச பல்கலைக்கழகத்தைக் கூறலாம்.

1913இல் தொடங்கிய இந்நிறுவனம் அந்நகரத்து உழைக்கும் மக்களின் பிள்ளைகள் பெருந்தொகையினராய்க் கற்கும் இடமாகும். 2016இல் வேறொரு கல்லூரியையும் தன்னுடன் இணைத்துக்கொண்டபின் இதன் மாணவர் தொகை 50,000ஐக் கடந்தது. இங்கு ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும், கட்டணம் முழுவதையுஞ் செலுத்தாதாரின் பதிவு நீக்கப்படுவது வழக்கம். அவ்வாறு நீக்கப்பட்டோரின் பட்டியலை அதிகாரிகள் ஆராய்ந்தபோது வியப்பும் வருத்தமும் தரும் செய்தி ஒன்று வெளியாயிற்று. ஒரு தவணையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் இவ்வாறு வெளியேற்றப்பட்டனர். அவருட் பலர் படிப்பிற் குறைந்தவரல்லர். நல்ல புள்ளிகளுடன் பட்டத்துக்கு அணித்தாய் வந்தவர். அவர் செலுத்தாது நின்ற தொகையோ, பலர் விடயத்திற் சில நூறு டொலர்களேயாம். கரையைக் கண்ட பின்னர்த் தோணி கவிழ்ந்ததை ஒக்கும் நிலை இது.

இதனைக் கண்ட பல்கலைக்கழகம் 2011இல் ஒரு சிறு மானியத்தை ஏற்படுத்தியது. அப்பல்கலைக்கழகத்தின் அடையாள விலங்கான சிறுத்தையின் பெயரால் அது வழங்கப்படுகின்றது. அதன் சிறப்பு தொகையிலன்று, வழங்கும் முறையிலேயே உள்ளது. மாணவன் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பதிவு நீக்கப்படவிருப்போரின் பட்டியலை அலுவலர் தாமே எடுத்து, ஒவ்வொருவரின் தேர்ச்சி எத்தகையது, பட்டத்துக்கு எஞ்சிய பாடங்கள் எத்தனை, பிற உதவிகளையெல்லாம் பெற்று முடித்தாரா, உண்மையில் தேவையுடையவரா என்பவற்றை நோக்குகின்றனர். தகுதி கண்டவிடத்துக் குறைந்த தொகையைக் கணக்கிற் சேர்த்துவிட்டு, “உமது குறை தீர்க்கப்பட்டது, வகுப்புக்கு வருக” என்னுங் கருத்துடன் மாணவனுக்கு அறிவிக்கின்றனர். அதனைப் பெறுபவன் ஆலோசகர் ஒருவரைக் கண்டு, எஞ்சிய காலத்துச் செலவை எவ்வாறு நடத்துவதெனத் திட்டமிடுதல் மட்டும் நிபந்தனையாம்.

கேட்பவனுக்குக் கொடுத்தல் உலக வழக்கு. கேளாதவனைத் தேடிச் சென்று கொடுத்தல் அதனினும் மேலானது; ஈண்டு அது பயன்மிக்கதுமாகும். ஏனெனில், இடைவிலகும் நிலையிலுள்ள மாணவன் பெரும்பாலும் கேட்பதில்லை. நாணம் ஒருபுறம், கேட்டாற் கிடைக்கும் என்பதை அறியாமை ஒருபுறம், தொழிலுக்குஞ் சென்று படிக்கும் அவனுக்கு அலுவலக வாயிலிற் காத்து நிற்க நேரமின்மை ஒருபுறமாக, அவன் சொல்லாமலே மறைந்து விடுகின்றான். அவ்வாறு மறைந்தவனை மூன்றுதிங்கள் கழித்துத் தேடுவதாற் பெரும் பயனில்லை.

இத்திட்டம் தருமத்தின்பாற்பட்டது மட்டுமன்று, கணக்கின்படியும் பொருந்துவது. ஒரு மாணவன் ஒரு தவணைக்குச் செலுத்தவேண்டிய கட்டணத்திற் பெரும்பகுதியை மத்திய அரசாங்கத்தின் மானியமும் கடனும் ஈடுசெய்ய, எஞ்சிய ஒரு சிறு தொகை நிற்கின்றது என்க. அச்சிறு தொகைக்காகப் பதிவை நீக்கினால், அப்பெருந்தொகையையும் பல்கலைக்கழகம் இழக்கின்றது. அடுத்த தவணைகளிற் கிடைக்க இருந்ததையும் இழக்கின்றது. சிறு தொகையைத் தானே கொடுத்தால் மாணவனும் தங்குகின்றான், வருவாயும் தங்குகின்றது.

அதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு முயற்சியும் குறிப்பிடத்தக்கது. ஜோர்ஜியா மாநிலம் 1993 முதல் லொத்தர்ப் பணத்தைக் கொண்டு புலமைப்பரிசில் ஒன்றை நடத்தி வருகின்றது. ‘நம்பிக்கை’ எனப் பொருள்படும் பெயரையுடைய அப்பரிசிலைப் பெறுவோர் 4 புள்ளிகளுக்குச் சராசரி 3 புள்ளியேனும் பெற்றுவரல் வேண்டும். அதிற் சிறிது குறைந்தவன் பரிசிலை இழக்கின்றான். புள்ளி குறைந்ததற்குக் காரணம் வேலைப்பளுவாயின், பரிசிலை இழந்தவன் முன்னிலும் மிகுதியாய் வேலை செய்யவேண்டியவனாகின்றான்; அதனாற் புள்ளி மேலுங் குறைகின்றது. இச்சுழலிற் சிக்கியோர்க்கு உதவும்பொருட்டு 2008இல் அப்பல்கலைக்கழகம் இரு தவணைகளுக்குத் தவணை ஒன்றுக்கு 500 டொலர் கொடுத்து, அதனுடன் பாடப் பயிற்சியும் பணத்தை ஆளும் பயிற்சியும் பெறுமாறு விதித்தது. இழந்த பரிசிலை மீட்டுக்கொள்ளும் வரை தாங்கும் ஊன்றுகோலாக இது அமைந்தது.

இவற்றோடு ஆலோசகர் தொகையைப் பெருக்குதல், தேர்ச்சி குறைவதை உடனுக்குடன் கண்டறிதல் முதலிய பல சீர்திருத்தங்களையும் அப்பல்கலைக்கழகம் செய்தது. 2003இல் அங்கு பட்டம் பெற்றோர் விகிதம், சேர்ந்து ஆறாண்டுக்குள் முடித்தோரைக் கணக்கிட்டால், நூற்றுக்கு 32 ஆயிருந்தது. பின்னர் அது 50ஐக் கடந்தது. இவ்வுயர்வு முழுவதையும் சிறு மானியத்தின் பயன் என்று கூறுதல் பொருந்தாது. பல கைகள் கூடி இழுத்த தேர் அது. அக்கைகளுள் ஒன்று நிதியுதவி அலுவலகத்தின் கை என்பதே உண்மை.

இனி, படிவத்தால் விளையும் இடர் எவ்வாறு களையப்படலாம் என்பதை நோக்குதல் வேண்டும். 2008இல் ஒகாயோ, வட கரொலைனா ஆகிய மாநிலங்களிற் பொருளியலறிஞர் சிலர் ஓர் ஆய்வு நடத்தினர். வருமானவரிப் படிவம் நிரப்புவதற்காக ஒரு நிறுவனத்துக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கினாற்போலப் பிரித்தனர். ஒரு சாராருக்கு மாணவர் உதவிப் படிவத்தையும் அங்கேயே நிரப்பிக் கொடுத்தனர். அதற்குச் சில நிமிடங்களே சென்றன. மற்றொரு சாராருக்கு எவ்வளவு உதவி கிடைக்கக்கூடும் என்ற செய்தியை மட்டும் கூறினர். படிவம் நிரப்பிக் கொடுக்கப்பட்ட குடும்பங்களிற் பாடசாலைக் கல்வியை முடிக்கும் நிலையிலிருந்த பிள்ளைகளுள், கல்லூரி சேர்ந்தோர் நூற்றுக்கு 34இலிருந்து 42 ஆக உயர்ந்தனர். தொடர்ந்து ஈராண்டு கல்லூரியில் நிலைத்தோரும் நூற்றுக்கு 28இலிருந்து 36 ஆயினர். செய்தி மட்டும் பெற்ற குடும்பங்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றமெதுவுங் காணப்படவில்லை. வழியைச் சொல்வதற்கும் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதற்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாய் எடுத்துக்காட்டுவது அரிது.

இவ்வாய்வின் பின்னர், படிவத்தைப் புதுப்பிக்குமாறு மாணவரின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வழக்கம் பரவிற்று. கல்லூரியோடு தொடர்புடைய ஆலோசகர், மாணவன் மறுமொழி கேட்டால் விளக்கத்தக்க நிலையில் இருந்து செய்தி அனுப்பிய இடங்களில் நற்பயன் விளைந்தது. ஆனால் அதே முறையை நாடளாவிய நிலையில் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவரிடத்துச் சோதித்தபோது, அதனாற் பயனில்லை என்பதை 2021இல் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது. அறியாத இடத்திலிருந்து வரும் பொதுச் செய்தியை மாணவன் விளம்பரத்தோடு விளம்பரமாய்த் தள்ளிவிடுதல் இயல்பே. ஆகவே, பொறியை வாங்கி வைத்தமையால் மட்டும் கடமை முடிந்ததாகக் கருதும் அலுவலகம் ஏமாற்றமே அடையும். பெயரறிந்து பேசும் ஒருவர் பின்னால் நிற்கும்போதுதான் செய்திக்கு உயிர் உண்டாகின்றது.

அலுவலகத்தின் கையிலுள்ள மற்றொரு பெரிய கருவி சட்டம் அதற்கு அளித்த தீர்ப்புரிமையாகும். குடும்பத்தலைவர் தொழிலிழத்தல், இறத்தல், பெற்றோர் பிரிதல், பெருஞ் செலவுள்ள நோய் வருதல் ஆகிய சிறப்பு நிலைகளில், படிவத்திற் கண்ட வருமானத்தை ஒதுக்கிவிட்டு இன்றைய உண்மை நிலைக்கேற்ப உதவியை மாற்றிக் கணிக்க உயர்கல்விச் சட்டம் நிதியுதவி அலுவலர்க்கு அதிகாரம் கொடுத்திருக்கின்றது. தக்க ஆவணங்களைப் பெற்று, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து செய்தல் வேண்டும் என்பதே விதி. இத்தகைய உரிமை உண்டென்பதை மாணவருட் பலர் அறியார். ஆதலின், அதனை அறிவிப்புப் பலகையின் மூலையில் எழுதி வைப்பதோடு அமையாது, தவணை தொடங்கும்போதே ஒவ்வொரு மாணவனுக்கும் விளங்கச் சொல்லும் அலுவலகமே தன் கடமையைச் செய்ததாகும். தேர்ச்சி குறைந்ததனால் உதவியிழந்தவன் நோய், சாவு முதலிய காரணங்காட்டி மேன்முறையீடு செய்யும் உரிமையையும் கல்லூரிகள் வழங்கலாம். அவ்விடத்தும் முறையீட்டை எழுத உதவுவார் ஒருவர் இல்லாவிடின் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

விலகுவதற்கு வந்து நிற்கும் மாணவனிடம் அலுவலகம் கூறவேண்டியதும் ஒன்றுண்டு. ஒரு தவணையின் நூற்றுக்கு அறுபது பங்கு காலம் கழியுமுன் படிப்பை விட்டவனுக்கு வழங்கிய மத்திய அரசாங்க உதவியில் ஒரு பகுதி திரும்பிச் செல்லுதல் வேண்டும் என்பது சட்டம். அவ்வாறு திரும்பிய பணத்தின் குறையை மாணவன் கல்லூரிக்குக் கடனாகச் செலுத்தவேண்டியவனாகலாம். இதனை அறியாது, “இன்று நின்று அடுத்த ஆண்டு வருவேன்” எனச் சென்றவன் அடுத்த ஆண்டு வரும்போது பழைய பாக்கி கதவை அடைத்து நிற்கக் காண்கின்றான். ஆதலின், விலகற் படிவத்தில் ஒப்பமிடுமுன் மாணவன் நிதியுதவி அலுவலரைக் காணல் வேண்டும் என்னும் ஒழுங்கு மிகப் பயனுள்ளது. சில கிழமைகள் பொறுத்தால் இழப்புக் குறையும் என்பதையோ, ஒரு பாடத்தை மட்டும் விட்டு எஞ்சியவற்றைத் தொடரலாம் என்பதையோ அங்கு அவன் அறிந்துகொள்வான்.

உதவி பற்றி மாணவனுக்கு அனுப்பப்படும் கடிதமும் கவனிக்கத்தக்கதே. மானியம், கடன் என்னும் இரண்டையும் வேறுபடுத்தாது ஒரே பட்டியலிற் கூட்டிக் காட்டும் கடிதத்தைப் படித்த குடும்பம், கடனையும் கொடையென மயங்கும். அந்நாட்டு அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மாணவன் உண்மையிற் செலுத்தவேண்டிய தொகையைச் சரிவரக் காட்டாத, அல்லது குறைத்துக் காட்டிய கல்லூரிகள் நூற்றுக்கு 91 என மதிப்பிடப்பட்டது. முதலாண்டில் மறைக்கப்பட்ட செலவு இரண்டாமாண்டில் வெளிப்படுகின்றது. மாணவனை நிலைநிறுத்தும் முயற்சி, அவனுக்கு எழுதும் முதற் கடிதத்தின் நேர்மையிலேயே தொடங்குகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

பணமும் ஆலோசனையும் ஒன்றிணைந்தால் விளையும் பயனை நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் நன்கு காட்டியுள்ளது. 2007இல் அதன் ஈராண்டுக் கல்லூரிகளில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதிற் சேர்ந்தோர் முழுநேர மாணவராய்ப் படித்தல் வேண்டும். பிற உதவிகள் போக எஞ்சிய கட்டணம் அவருக்கு நீக்கப்பட்டது, பாடநூல்கள் வழங்கப்பட்டன, நகரப் போக்குவரத்துக்கான சீட்டும் மாதந்தோறும் வழங்கப்பட்டது. ஆலோசகர் ஒருவருக்கு 60 முதல் 80 வரையான மாணவரே ஒப்படைக்கப்பட்டனர். போக்குவரத்துச் சீட்டைப் பெறுதற்கு ஆலோசகரைக் காணுதல் முதலிய கடமைகளை மாணவன் நிறைவேற்றல் வேண்டுமாதலின், பணம் வரும் வழியே அறிவுரையும் வந்தது. சீட்டுக் குலுக்கல் முறையால் தெரிந்தெடுத்து நடத்திய ஆய்வில், திட்டத்திற் சேர்ந்தோருள் மூன்றாண்டினுள் படிப்பை முடித்தோர் நூற்றுக்கு 40; சேராதோருள் 22. இம்முறையை ஒகாயோ மாநிலத்து மூன்று கல்லூரிகள் பின்பற்றியபோதும் 35க்கு 19 என்னும் வேற்றுமை காணப்பட்டது. ஒரு நகரத்தின் தனித்தன்மையால் விளைந்த பயனன்று அது என்பதற்கு இதுவே சான்று.

இங்குக் கூறியவற்றுக்கு எதிராக இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். பட்டத்துக்கு அணித்தாய் வந்தவனுக்கே சிறு மானியத்தை வழங்கினால், முதலாண்டில் தத்தளிப்பவனைக் கைவிட்டதாகாதா என்பது ஒன்று. குறைந்த பணத்தைக் கொண்டு விரைவிற் பயன் காணவேண்டிய நிலையில் ஜோர்ஜியா அரச பல்கலைக்கழகம் கடையாண்டு மாணவரை முன்னிறுத்தியது இயல்பே. ஆயினும் இடைவிலகல் பெரிதும் நிகழ்வது தொடக்க ஆண்டுகளிலாதலின், இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. நியூயோர்க் திட்டம் தொடக்கத்திலேயே கைகொடுப்பதால் இதற்கு ஓரளவு விடையாகின்றது. அதற்கு மாணவன் ஒருவனுக்குச் செல்லும் செலவோ மிகுதி. இரண்டாவது தடை, எவ்வளவு திறமையாய் நடத்தினும் ஓர் அலுவலகத்தால் வறுமையை ஒழிக்க முடியுமா என்பது. முடியாது என்பதே நேர்மையான விடை. வீட்டு வாடகையும் உணவுச் செலவும் ஏற, மானியம் அதற்கேற்ப ஏறாவிடில், அலுவலர் எவ்வளவு அன்புடையவராயினும் கணக்கு ஒத்துவராது. கட்டணத்தைக் குறைப்பதும் மானியத்தை உயர்த்துவதும் சட்டமன்றங்களின் கடன். அவ்வாறாயினும், ஐந்நூறு டொலரின் பொருட்டு ஒரு பட்டம் இழக்கப்படுவது வறுமையின் குற்றமென்பதிலும் கவனமின்மையின் குற்றமென்பதே பொருந்தும். அதனைத் திருத்தச் சட்டமன்றம் கூடவேண்டியதில்லை.

இலங்கையின் நிலை வேறு. 1945இல் ஏற்பட்ட இலவசக் கல்வியின் பயனாக, அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரியாக முதற்பட்டம் பயில்வோர் கல்விக் கட்டணம் செலுத்துவதில்லை. 1981இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் புலமைப்பரிசில் வழங்குகின்றது. ஆதலின், கட்டணப் பாக்கிக்காகப் பதிவு நீக்கப்படும் இடர் இங்கு அவ்வாறே தோன்றாது. எனினும், கட்டணம் இல்லாமை செலவு இல்லாமையாகாது. வீட்டை விட்டுத் தூரவூரிற் சென்று தங்கும் மாணவனுக்கு அறை வாடகையும் உணவும் நூலும் பயணமும் உண்டு. குடும்பத்திற் பிணியோ சாவோ நேர்ந்தபோது பதிவேட்டிற் கண்ட வருமானம் பொய்யாகிவிடுதல் அற்லாந்தாவுக்கு மட்டும் உரியதன்று. உதவி குறித்த நாளிற் கிடைத்தல், விதிகள் விளங்கும் மொழியிற் சொல்லப்படல், வகுப்புக்கு வாராதவனை ஒருவர் தேடி விசாரித்தல் என்னும் மூன்றும் எந்நாட்டிலும் பெருஞ் செலவின்றி இயல்வனவே. இவை பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமன்றி, பழைய மாணவர் சங்கங்களின் உதவியால் வறிய பிள்ளைகளைப் படிப்பிக்கும் கல்லூரிகளுக்கும் பொருந்தும்.

தொகுத்து நோக்குமிடத்து, நிதியுதவி அலுவலகம் மாணவனை நிலைநிறுத்தும் வழிகள் அரிய மறைபொருள்களல்ல என்பது புலனாகும். குறையைத் தொடக்கத்திலே கண்டறிதல், கேளாமுன்னரே அணுகுதல், சிறு தொகையைத் தக்க காலத்திற் கொடுத்தல், படிவத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுத்தல், மாறிய குடும்ப நிலைக்கேற்ப மறுகணிப்புச் செய்தல், பணத்தோடு அறிவுரையையும் சேர்த்து வழங்குதல் என்பனவே அவை. இவற்றைச் செய்யும் அலுவலகத்திற்கும் செய்யாததற்கும் இடையேயுள்ள வேற்றுமை, பட்டியலில் உள்ள பெயரை எவ்வாறு படிப்பது என்பதில் அடங்கியிருக்கின்றது. “பணம் செலுத்தாதவன்” எனப் படிப்பவர் பெயரை வெட்டுகின்றார். “பட்டத்துக்கு இரு தவணைகளே எஞ்சியவன்” எனப் படிப்பவர் அவனைக் கூப்பிடுகின்றார். ஏடு ஒன்றே, மாணவனின் எதிர்காலம் அதனைப் படிப்பவரின் நோக்கிற்கேற்ப வேறுபடுகின்றது.